ஃபில்டர் போடாத மாப்பிள்ளை

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீங்களும் உங்கள் காதும் எப்படி? போன வாரம் போனில் நான் ஒன்று கேட்க, நீங்கள் ஒன்று சொல்ல, நான் கத்திய கத்தலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து யாருடன் சண்டை என்று விசாரித்துவிட்டுப் போனார். இனி எழுதுவதுதான் வழி. இத்தனை காலமும் உங்கள் தங்கை எழுதும் கடிதத்தின் அடியில் இரண்டு வரி கிறுக்குவதோடு என் கடமை முடிந்துவிடும். முழுக் கடிதம் எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஆரம்பிக்கவே பாதி நாள் ஆகிவிட்டது.

அவள் காரியம் முடிந்து நீங்கள் ரயில் ஏறிய பிறகு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். இப்போது வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். சமைக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். பசிக்குத்தானே சாப்பிடுகிறோம், ருசிக்கா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. புகையிலைக் கடைக்காரன் என்னை ஏமாற்றுகிறான். வழக்கமான அதே டப்பா, அதே மூடி, உள்ளே மட்டும் வேறு சரக்கு. பைப்பைப் பற்ற வைத்து நாலு இழுப்பு இழுத்தால் நாக்கு எரிகிறது. கசப்புத் தண்ணீர் வாய்க்குள் வந்து கொடகொடவென்று சத்தம் போடுகிறது. கடையில் போய்க் கேட்டேன். வழக்கமான சரக்குதான் என்று சாதிக்கிறான். அங்கே உங்களுக்குக் கிடைப்பது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்ததில் மிகுந்த சந்தோஷம். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ அரசாங்க நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். நான் நலம். காது மட்டும் என்னை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் போய்விட்டது. காலமெல்லாம் பல்செட் ராவும் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததற்கு அது கொடுத்த பரிசு.

கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். இங்கேயும் அதே டப்பாதான், ஒரு குறையும் இல்லை. நீங்கள் அவசரமாக இழுக்கிறீர்களோ என்று சந்தேகம். தனியாக உட்கார்ந்து புகைப்பவனுக்கு வேகம் தன்னால் கூடிவிடும். பேச ஆள் இருந்தால் நடுநடுவே பைப்பை வாயிலிருந்து எடுப்போம், அதுவும் கொஞ்சம் ஆறும். எனக்கு அந்த அனுபவம் உண்டு. புகையிலையைக் காகிதத்தில் பரப்பிச் சற்று உலர விட்டுப் பாருங்கள்.

கோபித்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்றும் சொல்வேன். நான் போடுவது போல ஒரு ஃபில்டர் போட்டுப் பாருங்களேன். தண்டுக்குள் செருகுகிற, கரி அடைத்த சின்னக் குச்சிதான். ஈரத்தையும் கசப்பையும் அது குடித்துவிடும். புகை ஆறி வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக மாற்ற வேண்டும், அவ்வளவே. உங்கள் கொள்கை எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

என் அறையில் புதிதாக ஒன்றும் இல்லை. அலமாரி நிறைய ஊரார் வாய்களின் அச்சு, சுண்ணாம்பு வெள்ளையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அத்தனை வாய் இருந்தும் ஒரு பேச்சு இல்லை. வருடத்துக்கு ஒரு முறை தங்கச்சி கூப்பிடுவாள், நான் வருவேன். இந்த வருடம் என்ன செய்வது என்று தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். புகையிலையை உலர்த்திப் பார்த்தேன். இப்போது உலர்ந்த புகையிலையும் எரிகிறது. வேறு ஜாதி புகையிலை வாங்கினேன், அதுவும் எரிகிறது. ஆக, கடைக்காரனை விடுதலை செய்துவிட்டேன்.

ஃபில்டர் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். நான் உத்தியோகம் பார்த்த நாள் முழுக்கக் குடிநீர் நிலையத்தில் மணல் தொட்டி, கரித் தொட்டி என்று இந்த ஊருக்கே தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தவன். வடிகட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வடிகட்டிய பிறகு தண்ணீருக்கு ருசி கிடையாது. அது குடிப்பதற்கு நல்லது. புகைக்கு எதற்கு? புகையிலையில் இருக்கும் இனிப்பு, மண்வாசனை எல்லாவற்றையும் கரியிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை நாம் இழுப்பதா? கையுறை போட்டுக்கொண்டு குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். இதை ஆபீஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஃபில்டர் போட்டுப் பிடித்த எங்கள் சூப்பிரண்டே ஒரு நாள் அதைத் தூக்கி எறிந்தார். உங்கள் தங்கை பக்கத்தில் இருக்கும்போதே உங்களை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன், ஞாபகம் இருக்கும். அந்த வாயால் இப்போது ஃபில்டர் போட முடியுமா?

கோளாறு பைப்பில்தான் இருக்கிறது என்று படுகிறது. பஞ்சு சுற்றிய கம்பியை வாய்ப்பக்கம் நுழைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளே கறை இறுகியிருக்க வேண்டும். தண்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் தைரியம் வரவில்லை. சூட்டோடு திருகி நான் ஒரு தடவை தண்டை உடைத்ததும், நீங்கள் புதுத் தண்டு செய்து கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உங்கள் தங்கை போட்ட சட்டம், இனிமேல் நான் அதைக் கழற்றக் கூடாது என்று. சுத்தம் செய்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். காலையில் நான் எழுந்திருக்கும்போது பைப் துடைத்து ஜன்னலோரம் இருக்கும். அவள் சட்டத்தை இப்போது மீறினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் மனசு வரவில்லை.

பதில் உடனே போடுங்கள். தபால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்கள் நலமென நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம்.

கம்பியை வைத்து உள்ளே குத்த வேண்டாம். தண்டைக் கழற்றவும் வேண்டாம். கொஞ்ச நாளைக்குப் பைப்பை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்களேன். பணம் நான் அனுப்புகிறேன்.

வெயிலில் அலையாதீர்கள்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 13

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடிதம் என்று சொன்னால் கடிதம்தான். ஒரு மாதம் காக்க வைத்துவிட்டு, டாக்டர் சீட்டு மாதிரி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கைக்குப் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படிப்பாள். அவள் போன பிறகு எனக்கு எழுத உங்களுக்கு என்ன இருக்கிறது? உறவு அவள் வழியாக வந்தது, அவளோடு போயிற்று என்று நினைத்தால் நேராகச் சொல்லிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

புதுப் பைப் வேண்டாம். அதுவும் தேவைப்படாது என்றே தோன்றுகிறது. நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்திருக்கிறது. சூடாக எதுவும் சாப்பிட முடியவில்லை. பம்ப் ரூமில் என்னோடு இருந்த ஆபரேட்டருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சின்னதாக ஒரு புண், ஆறவே இல்லை. அடுத்த வருடம் அவர் இல்லை. உங்களிடம் மறைப்பானேன், கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. சரி, நமக்கும் வழி பிறந்தது என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் போகிற உத்தேசம் இல்லை. வைத்தியம் பார்த்து, சரியாகி, திரும்ப இந்த வீட்டுக்கே வந்து கதவைத் திறக்க வேண்டுமா? எரிந்தாலும் பைப்பை விடவில்லை. முன்னைவிட அதிகமாகவே பிடிக்கிறேன்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் நலத்துக்கு எழுதவும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஏப்ரல் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்று நலம் விசாரிக்கப் போவதில்லை. முதல் காரியமாக, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நாக்கைக் காட்டுங்கள். அந்தப் புண் வெறும் சூட்டுப் புண்ணாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நான் வாய்களின் அச்சை மட்டும் பார்க்கிறவன், என் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, வேலை அதிகம் என்று எழுதியது பொய். இங்கே வேலையே இல்லை. கம்பி பாதியில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து எத்தனையோ கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதை எப்படிச் சொன்னாலும் உங்களுக்கு வலிக்கும். ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, நீங்கள் ஃபில்டர் போட்டுத்தான் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தண்டு உடைந்த நாளிலிருந்தே.

அப்போது உங்களுக்கு விடாத இருமல். பைப்பை விடச் சொன்னால் கேட்க மாட்டீர்கள். உடைந்த தண்டை எடுத்துக்கொண்டு தங்கச்சி ரயிலேறி என் அறைக்கு வந்தாள். புதுத் தண்டின் உள்பக்கத்தை அகலமாகக் கடைந்து, ஃபில்டர் உட்காருகிற மாதிரி செய்யச் சொன்னாள். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றேன். "கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாரு அண்ணா. கேக்காம போட்டுட்டா என்ன செய்வாரு?" என்றாள். பல்செட்டுக்குக் குழைக்கும் பிளாஸ்டிக்கில் கறுப்புச் சாயம் கலந்து நானே செய்தேன். நான் செய்த வேலைகளில் அதைவிட நன்றாக எதுவும் அமையவில்லை. அவள் பேருக்கு நான் அனுப்பிய பார்சல்களில் ஃபில்டர்தான் இருந்தது. நீங்கள் எழுந்திருக்கும் முன்னால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு வைப்பாள். இருமல் நின்றது. காலை நடைதான் காரணம் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

இதில் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. மறுபடியும் கேட்டாலும் செய்து கொடுப்பேன்.

நீங்கள் முதல் கடிதம் எழுதியபோது, ஃபில்டர் இல்லாமல் பிடிக்கிறீர்கள், அதனால் எரிகிறது என்றுதான் நினைத்தேன். கம்பி நிற்கிறது என்றதும்தான் புரிந்தது. உள்ளே ஒன்று இருக்கிறது. அவள் கடைசியாகப் போட்டது. ஒரு தடவைக்கு மேல் தாங்காத சாமான், இத்தனை மாதமாக அதே கறையை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறது. அதை வெளியே எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு பைப் வாங்குங்கள் என்று உளறினேன்.

இப்போது சொல்கிறேன். பைப் நன்றாக ஆறிய பிறகு, புகையிலை அடைக்கிற கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தண்டை ஒரே பக்கமாக மெல்லத் திருகி இழுங்கள். உடையாது. அதை எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் டாக்டர்.

உறவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே பயம்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

மச்சான்


மே 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா? பதில் இல்லை. கோபம் என்றால் கோபத்தை எழுதுங்கள், நான் படித்துக்கொள்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டுமாவது ஒரு கார்டில் போடுங்கள். ஃபில்டர் ஒரு பெட்டி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை உங்கள் பேருக்கு.

அன்புடன்,
மச்சான்


ஜூன் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதுவும் பதில் வராத கடிதமாகத்தான் இருக்கப்போகிறது, தெரிந்தே எழுதுகிறேன். போன் செய்தேன். யாரோ எடுத்த மாதிரி இருந்தது. என் காதுக்கு எடுத்தது நீங்களா, மாடிவீட்டுக்காரரா, எடுக்கவே இல்லையா என்று தெரியவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் சுண்ணாம்பு உலரவே மாட்டேன் என்கிறது. ஒருவர் பல்செட்டுக்கு அச்சு கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. செட் தயாராக இருக்கிறது. எனக்கு வேலை கொடுக்கிற பல் டாக்டர் தூக்கிப் போடச் சொன்னார். அந்த மனிதர் எங்கேயோ பல் இல்லாமல் கஷ்டப்படுவாரே என்று வைத்திருக்கிறேன்.

ரயிலேறி வந்துவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு யோசனை. தங்கச்சி கூப்பிட்டு வந்துகொண்டிருந்த வீடு அது. கூப்பிடாத வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது? நீங்கள் கதவைத் திறந்து, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டால் எனக்குச் சொல்லப் பதில் இல்லை. பையைத் திரும்ப வைத்துவிட்டேன். எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான், மாப்பிள்ளை. இதைச் சொல்ல இவ்வளவு வயது ஆகவேண்டியிருக்கிறது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மச்சான்


ஜூன் 29

அன்புள்ள மச்சானுக்கு,

நான் உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன். உங்கள் மூன்று கடிதமும் வந்தன. போனை எடுத்தது நான்தான். நீங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொன்னாலும் உங்களுக்குக் கேட்காது என்பது ஒரு சாக்கு. நீங்கள் வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன்.

டாக்டரிடம் போனேன். உங்கள் கடிதம் வந்த அன்றே இல்லை, பத்து நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனேன். விளக்கைப் போட்டு நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பைப்பை நிறுத்தினால் ஆறிவிடும், மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் வேறு பரிசோதனை என்றார். ஆறிவிட்டது. மறுபடி போய்க் காட்டினேன். ஒன்றும் இல்லை, தைரியமாக இருங்கள் என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை மச்சான், ஏமாற்றம். இனிமேலும் தினம் எழுந்து, தினம் சமைத்து, இருக்க வேண்டுமே என்று நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. அவள் மேல்தான் வந்தது. ஃபில்டர் போடுகிறவன் ஆம்பிளையா என்கிற ரேஞ்சுக்கு அவள் எதிரிலேயே பேசியிருக்கிறேன். அவள் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒரு அசைவு இருந்திருக்க வேண்டுமே. ஒரு சின்னச் சிரிப்பாவது. எத்தனை வருடம்! அந்தச் சூப்பிரண்டு வந்து உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கேட்டபோது, இவர் சொல்றது சரிதான் சார் என்று அவருக்கு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். நாலு நாள் சுவரைப் பார்த்து அவளோடு சண்டை போட்டேன். அவள் போன பிறகு அவளோடு நான் பேசியதே அப்போதுதான். அதன் பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது.

தண்டைக் கழற்ற இன்னும் பல நாள் ஆயிற்று. பகலில், வெளிச்சத்தில், மேஜை மேல் துணியை விரித்து வைத்துக் கழற்றினேன். உடையவில்லை, உங்கள் வேலை கெட்டி. ஃபில்டர் கன்னங்கரேல் என்று ஊறி உப்பிப்போய், தட்டினாலும் வரவில்லை. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். அதன் நாற்றம் இருக்கிறதே, ஜன்னலையெல்லாம் திறக்க வேண்டியதாயிற்று. அப்படி நாறுகிற ஒரு பொருளை எதிரில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் போன அன்று காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார் என்று நான் சொன்னேன். இதோ வந்துடறேன் என்று உள்ளே போனாள். இதைப் போடத்தான் போயிருக்கிறாள்.

பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். பிறகு குப்பையில் போட்டுவிட்டேன். அவள் இருந்திருந்தால் அதை மறுநாள் காலைக்கு மேல் வைத்திருக்க மாட்டாள்.

நேற்று உங்கள் பெட்டியைப் பிரித்தேன். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். ஒரு முனை வெள்ளை, மறுமுனை நீலம். எது கிண்ணத்துப் பக்கம், எது வாய்ப்பக்கம்? ஊருக்கே வடிகட்டிக் கொடுத்தவனுக்கு இது தெரியவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தா, இது எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டே விட்டேன். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டும் நின்றேன்.

பெட்டியின் மேல் படம் போட்டிருக்கிறார்கள், பார்த்தால் தெரிந்துவிடும். நான் பார்க்கப்போவதில்லை. நீங்களும் கடிதத்தில் எழுத வேண்டாம். நேரில் வந்து காட்டிக்கொடுங்கள். காலை ரயிலில் வந்தால் நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். ஒரு பையோடு வந்து மறுநாளே கிளம்புகிற கதை இந்தத் தடவை நடக்காது, துணிமணி நிறைய எடுத்துக்கொண்டு வாருங்கள். கூப்பிடுகிறேன் மச்சான். என்ன விஷயம் என்று கேட்க மாட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை